மூன்றாவது பொத்தான்

ஏலக்காரிக்கும் கடைக்காரனுக்கும் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. செருப்பு வைக்கிற பலகையைத் தாண்டி ஆபீஸ் பேச்சு உள்ளே வரக் கூடாது. மற்றபடி அது சட்டதிட்டம் எதுவும் இல்லாத வீடு. துவைத்த துணி நாற்காலியில் மலையாகக் கிடக்கும், யார் பாத்திரம் கழுவுவது என்பதைக் காசு சுண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இந்த ஒரு சட்டத்தில் மட்டும் இரண்டு பேரும் படு கறார். பின்னே என்ன, பெண்டாட்டிக்கு வேலை ஆன்லைன் ஏலத்தளத்தில். புருஷனுக்கு வேலை, அந்த ஏலத்தளத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆன்லைன் கடைத்தளத்தில். பேச்சை எடுத்தால் அடுப்பில் இருக்கிறது தீய்ந்துதான் போகும்.

இந்தப் பட்டங்களை வைத்தது புருஷனின் அத்தை. "ஏலக்காரி வந்தாளா, கடைக்காரன் சாப்பிட்டானா" என்று அவள் வாய் ஓயாமல் கேட்டுக் கேட்டு, இப்போது சொந்தபந்தம் முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் இவர்கள் இரண்டு பேருக்கும் ஏலத்தளத்தில்தான் வேலை, பக்கத்துப் பக்கத்து மேசை. அப்போது ஏலத்தளம் கொடிகட்டிப் பறந்தது. இரண்டு மாடி, அறுபது பேர். பழைய கடிகாரம், காது உடைந்த ஜாடி, ஒற்றைக் கைக்காப்பு என்று எதை ஏலத்துக்கு விட்டாலும் கேட்க ஆள் இருந்தது. கடைசிப் பத்து நொடியில் ஒருவர் மேல் ஒருவர் விலையை ஏற்றுகிற அழகைப் பார்க்கவே சிலர் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். எதிர்ச்சாரியில் கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே இரண்டே அறையில் இருந்தது கடைத்தளம். விலையைப் போட்டு வைத்துவிட்டு வாங்கு என்பதில் என்ன சுவாரசியம் இருக்கிறது என்று ஏலத்தளத்துக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு வாரம் காத்திருந்து கேட்டு, அப்புறம் தோற்றும் போவதைவிட, ஒரே அழுத்தில் வாங்கி நாளைக்கே கையில் வாங்கிக்கொள்வது அவர்களுக்குப் பிடித்துப்போனது.

இப்போது எதிரே கடைத்தளத்துக்குச் சொந்தமாகக் கண்ணாடிக் கட்டடம். ஏலத்தளத்துக்கு அரை மாடி, பதினோரு பேர். மிச்ச அரை மாடியில் செயற்கைப் பல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நாளெல்லாம் கர்ரென்று தேய்க்கிற சத்தம். கூத்து என்னவென்றால், ஏலத்தளம் கடையைப் பார்த்துப் பக்கத்தின் ஓரத்தில் 'உடனே வாங்கு' என்று ஒன்றை வைத்தது. கடைத்தளம் ஏலத்தைப் பார்த்து, 'இன்னும் மூன்று நிமிடம்தான் இந்த விலை' என்று கடிகாரம் ஓடவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று காப்பி அடித்து அடித்து, எது எதுவென்றே சில நாள் தெரியாது.

கடைக்காரன் கட்சி மாறியது கல்யாணமாகி மூன்றாவது மாதம். சம்பளம் ஒன்றரை மடங்கு. போனதில் தப்பு ஒன்றும் இல்லை என்று ஏலக்காரி நூறு பேரிடம் சொல்லியிருக்கிறாள். அவனிடம் மட்டும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை மேலாளர் அவளைக் கூப்பிட்டுப் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். மேலாளர் நல்ல மனுஷர். அவர் பிஸ்கட் நீட்டினார் என்றால் கெட்ட செய்தி வருகிறது என்று அர்த்தம்.

"எடுத்துக்கம்மா. க்ரீம் வச்சது."

"பரவால்ல சார், விஷயத்தைச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். ஏலத்தளத்தில் இன்னும் நிஜமாகப் போட்டி நடக்கிற பிரிவு ஒன்றே ஒன்று, சின்னப் பொருள்கள் பிரிவு. அதை நடத்துவது ஏலக்காரி. கேட்கிறவர்களின் சண்டையைத் தீர்ப்பது, பொய்யாக விலை ஏற்றுகிற கள்ளக் கேட்பைப் பிடிப்பது எல்லாம் அவள் வேலை. அந்தப் பிரிவைத் தாங்கிப் பிடித்திருப்பது ஒரே ஒரு விற்பனையாளர், பொத்தான் அத்தை, இவர்களுக்குப் பட்டம் வைத்த அதே அத்தைதான். அந்த அத்தையைக் கடைத்தளம் கூப்பிடுகிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். அவள் போய்விட்டால் தலைமையகம் ஏலத்தையே மூடிவிட்டு, எல்லாவற்றுக்கும் விலை ஒட்டிவிடும்.

"அப்போ என் வேலை?"

மேலாளர் இரண்டாவது பிஸ்கட்டை நீட்டினார்.

வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் இந்த வேலை அவளுக்கு உயிர். கடைசிப் பத்து நொடியில் யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் 'இன்னும் பத்து' என்று கேட்கும்போது அவளுக்குத் தொண்டை அடைக்கும், இத்தனை வருடம் ஆகியும். விலை ஒட்டிய பொருளைப் பார்த்து யாருக்காவது தொண்டை அடைக்குமா?

சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனாள், யாரிடமும் சொல்லாமல். மூன்றாவது மாடி ஏறி மூச்சு வாங்க அழைப்புமணியை அழுத்தப் போனால், வேறொரு விரல் முன்னாலேயே அதன் மேல் இருந்தது. கடைக்காரன். கருநீலக் கோட்டு, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த ஃபைல். ஆபீஸில் எந்தக் கூட்டம் என்றாலும் அவன் அந்தக் கோட்டையும் அந்த ஃபைலையும் விடமாட்டான். ஃபைலை இப்படிக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, என்ன ஒரு பணிவு என்று மெச்சிக்கொள்கிறது கண்ணாடிக் கட்டடம். பணிவாவது ஒன்றாவது. கோட்டில் மூன்றாவது பொத்தான் கிடையாது, அதை மறைக்கத்தான் ஃபைல்.

"நீ எங்க இங்க?"

"சும்மாதான்" என்றான் அவன். எது கேட்டாலும் அவன் பதில் அதுதான். கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் முதல் வார்த்தையே அதுதான்.

கதவு திறந்தது. அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, விரலில் எப்போதும் ஒரு பொத்தான் உருண்டுகொண்டிருக்கும். மூடிய சட்டைக் கம்பெனிகள், கை மாறிய தையல் கடைகள் என்று தேடிப் போய் மூட்டை மூட்டையாகப் பொத்தான் வாங்குகிறவள். கூடத்தில் உட்கார நாற்காலி இரண்டுதான். மற்ற இடமெல்லாம் மருந்துப் பாட்டில், ஜாம் பாட்டில், பிஸ்கட் டப்பா, எல்லாவற்றிலும் பொத்தான். இரண்டு கண், நாலு கண், அடியில் வளையம் வைத்தது, கொம்பில் கடைந்தது, துணி போர்த்தியது.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்களா, தனித்தனியாவா?"

"தனித்தனியா" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"அப்போ ஆபீஸ் விஷயம். உட்காருங்க. நான் நின்னுக்கறேன்."

இரண்டு பேரும் அவரவர் பாட்டைப் பாடி முடிக்கும்வரை அத்தை குறுக்கே பேசவில்லை. அப்புறம் உள்ளே போய்ப் பொட்டலங்களோடு வந்தாள். பொட்டலத்துக்கு ஆறு பொத்தான். பத்துப் பொட்டலத்தை ஏலக்காரி மடியிலும், அதே மாதிரி பத்தைக் கடைக்காரன் மடியிலும் போட்டாள்.

"நீ ஏலம் விடு. நீ வெலை போட்டு வித்துப் பாரு. எது நடக்குதுன்னு பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன். எங்கிட்ட வந்து கொஞ்சறது கெஞ்சறதெல்லாம் வேணாம். நீ எனக்கு அண்ணன் மகன், அவ எனக்கு மருமக. ரெண்டு பேருக்கும் பாத்து நடந்துக்கிட்டா நான் ரெண்டா அறுத்துக்கணும்."

கடைக்காரனின் பத்துப் பொட்டலமும் இரண்டே நாளில் விற்றுவிட்டன. அவன் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, சட்டம் இருக்கிறதே. ஆனால் பாத்திரம் கழுவும்போது சீட்டியடித்தான். அந்தச் சீட்டியைக் கேட்டு ஏலக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பக்கம் காற்றுதான் வாங்கியது. அடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்கு ஏலம் முடிய வேண்டும். மூன்று மணிவரை ஆறு பொட்டலத்தைச் சீந்த ஆள் இல்லை. மூன்று பொட்டலம் ஏதோ ஒரு விலைக்கு ஒப்பேறியது. பத்தாவது பொட்டலத்தில்தான் அதிசயம் நடந்தது. கிளிப்பச்சை நிறத்தில், பெரிதாக, மழைக்கோட்டில் வைக்கிற மாதிரிப் பொத்தான்கள். 'மழைக்குடை' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் கேட்டார். அவர் மேல் இன்னொருவர் கேட்டார். மழைக்குடை ஏற்றினார். மற்றவர் மேலே ஏற்றினார். மூன்று ஐம்பத்தைந்துக்கு விலை பத்து மடங்கைத் தாண்டிவிட்டது. செயற்கைப் பல் தேய்க்கிறவர்கள்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நாலு மணி அடித்தது. மற்றவர் ஜெயித்தார். மேலாளர் கைதட்டினார்.

"இது ஒண்ணு போதும்மா. இந்த ஒரு பொட்டலத்தைக் காட்டியே அத்தையைப் பிடிச்சுடலாம்."

ஜெயித்தவரின் பெயர் 'சும்மாதான்'.

ஏலக்காரிக்குச் சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொடுக்கினாள். கணக்கு ஆரம்பித்து மூன்று நாள். எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறது என்று பார்த்தாள். அவள் வீட்டு இணைப்பு. அவள் தினம் காலையில் செய்தி படிக்கிற, போன மாதம் அவளே கட்டணம் கட்டிய அதே இணைப்பு.

ஏலத்தில் ஊழியரின் குடும்பத்தார் கேட்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அத்தை அவளுக்கு முன்னாலேயே, கல்யாணத்துக்கும் முன்னாலேயே பதிவு செய்த பழைய விற்பனையாளர் என்பதால் எழுத்து மூலம் விலக்கு உண்டு. வேறு யாருக்கும் கிடையாது. இந்த விதியை மீறினதற்காக அவள் இதுவரை எழுபது ஏலங்களுக்கு மேல் ரத்து செய்திருக்கிறாள். அதில் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரரும் உண்டு, அவர் போன் பண்ணி அழுதார். அழுதும் அவள் விடவில்லை.

"சார், இதை ரத்து பண்ணணும்."

"எதை?"

"கிளிப்பச்சையை. கேட்டது என் வீட்டுக்காரர்."

மேலாளர் கை பிஸ்கட்டைத் தேடியது, பொட்டலம் காலி. "யாருக்கும் தெரியாதேம்மா" என்றார், தரையைப் பார்த்து.

"எனக்குத் தெரியுமே சார்."

ரத்து செய்தாள். காரணம் எழுதுகிற கட்டத்தில் 'ஊழியரின் குடும்பத்தார்' என்று எழுதினாள். பத்தில் மூன்றோடு அவள் வாரம் முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது கடைக்காரன் உள்ளேதான் இருந்தான், மத்தியானமே லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவள் செருப்புப் பலகைக்கு வெளியே, மாடிப்படி ஓரத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"வெளியே வா. ஆபீஸ் பேசணும்."

அவன் வந்தான். சட்டப்படி பலகையைத் தாண்டி வெளியே வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ண?"

"சும்மா..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "உன்னுது யாருமே கேக்கல. தினம் போய்ப் பாத்தேன். ஒண்ணுக்குக்கூட ஆள் இல்ல. எனக்குப் பொறுக்கல."

"நீ ஜெயிச்சுட்டு சீட்டியடிச்சியே?"

"அது உன்னைக் கடுப்பேத்த. அது வேற."

"எனக்காகப் பண்ணியிருக்க, புரியுது. ஆனா எங்கிட்ட மிச்சம் இருந்த ஒரே நல்ல விஷயத்தையும் கெடுத்துட்ட. நான் கள்ளக் கேட்புப் பிடிக்கறவ. என் வீட்டுலயே பிடிச்சேன்." அவளுக்குக் குரல் உடைந்தது. "அன்னைக்கு நீ அந்தப் பக்கம் போனப்பவும் இப்படித்தான். குடும்பத்துக்காகன்ன. நான் ஒரு வார்த்தை சொல்லல. ஆனா பக்கத்து மேசை காலியா இருந்துச்சு பாரு, அதைப் பாக்கப் பாக்க அழுகையா வந்துச்சு எனக்கு. ஆறு வருஷமா சொல்லல, இப்போ சொல்றேன்."

மேல்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு மேலே வந்துகொண்டிருந்தவர், ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போனார்.

கடைக்காரன் படியில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், கோபத்தோடுதான், நின்று நின்று கால் வலித்தது.

"நான் ஒண்ணும் ஜெயிக்கல" என்றான் கடைசியில். "பத்துல ஏழு திரும்பி வந்துடுச்சு."

"என்ன திரும்பி வந்துச்சு?"

"பொட்டலம். எங்ககிட்ட பிடிக்கலன்னா இலவசமா திருப்பி அனுப்பலாம்ல. ஏழு பேரு திருப்பிட்டாங்க. நானே பிரிச்சு எண்ணினேன். ஒவ்வொண்ணுலயும் அஞ்சுதான் இருக்கு."

"அஞ்சா?"

"ஆறு வாங்கறான். ஒண்ணை எடுத்துச் சட்டையில தச்சுக்கறான். மிச்ச அஞ்சை அளவு சரியில்லன்னு அனுப்பிடறான். ஒருத்தன் பிரிச்ச கவரைத் திரும்ப ஒட்டக்கூட இல்ல."

கோபத்தில் இருக்கிறோம் என்பதையே மறந்து அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே போனைத் திறந்து பார்த்தவள், அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரத்தான ஏலத்துக்குக் கீழே மழைக்குடை எழுதியிருந்தார்.

'ரத்து செய்துவிட்டீர்களாமே, சந்தோஷம். எனக்கு ஆறு வேண்டவே வேண்டாம். என் மகளின் மழைக்கோட்டில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. அந்த ஒன்றுக்காகத்தான் பைத்தியக்காரி மாதிரி ஏற்றிக்கொண்டே போனேன்.'

"பாரு" என்று போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உன் பக்கமும் ஒண்ணு. என் பக்கமும் ஒண்ணு. யாருக்கும் ஆறு வேணாம்."

"ஒத்தைப் பொத்தான் எங்களால விக்க முடியாது. அனுப்பற செலவுக்கே கட்டாது. எந்த நிறம், எத்தனை கண், எவ்வளவு பெருசுன்னு தேடற பெட்டியில எழுதவும் தெரியாது யாருக்கும். 'பழுப்பா ஒண்ணு'ன்னு தேடறான். நாப்பதாயிரம் வருது."

"எழுத வேணாம். சட்டையைப் போட்டோ எடுத்துப் போடட்டும். இது இல்ல, இது வேணும்னு. விக்கறவங்க போட்டி போடட்டும், எங்கிட்ட இருக்கு, எங்கிட்ட இருக்குன்னு."

"ஏலத்தைத் தலைகீழாப் போடறியா?"

"ஆமா."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் காதைப் பொத்திக்கொண்டான். "நான் எதுவும் கேக்கல. நான் கடைக்காரன். உள்ளே போறேன்."

மறுநாள் மேலாளரிடம் சொன்னாள். அவர் போனால் போகிறது என்று தலையாட்டினார், இழக்க இனி என்ன இருக்கிறது. மென்பொருள்காரர் வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், உற்சாகத்தில் ஒரே நாளில் பக்கத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார். 'ஒன்று குறைகிறது' என்று அவள் பெயர் வைத்தாள். அத்தை மாதிரி சின்னச் சின்ன விற்பனையாளர்கள் முப்பது பேருக்கும் செய்தி அனுப்பினாள். முதல் ஆளாக மழைக்குடையைக் கூப்பிட்டாள். தனக்கு வேண்டிய ஒரே ஒரு கிளிப்பச்சைப் பொத்தானை அவர் அத்தையிடமே நேரில் கேட்டு ஏற்கெனவே வாங்கிவிட்டாராம், நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை பக்கம் திறந்தது. பத்து மணிக்கு அதில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. காலிப் பந்தலில் முதல் ஆளாகப் போய் உட்கார யாருக்குத்தான் மனசு வரும். நாளைக்கு இதே நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தபோது, மேசை டிராயரை இன்றைக்கே காலி செய்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

இரண்டு மணிக்கு ஒரு படம் வந்து விழுந்தது.

கருநீலக் கோட்டு. வீட்டு நாற்காலியின் மேல், துவைத்த துணி மலையின் மேல், கைகளை விரித்துப் போட்டிருந்தது. மேலிருந்து இரண்டு பொத்தான், அப்புறம் நூல் மட்டும், அப்புறம் ஒரு பொத்தான். கீழே எழுதியிருந்தது: 'மூன்றாவது பொத்தான் வேண்டும். கொம்புப் பொத்தான், நாலு கண், ஓரத்தில் தேன் நிறக் கீற்று. கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் அறுந்து தொலைந்தது. ஆறு வருடமாக ஃபைலை வைத்து மறைக்கிறேன். கை வலிக்கிறது.' அனுப்பியவர் பெயர், 'கடைக்காரன்'.

அவளுக்குத் தொண்டை அடைத்தது. கடைசிப் பத்து நொடிகூட இல்லை, ஏலம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இரண்டரைக்கு அத்தை இறங்கினாள். 'என்னிடம் இருந்த நாலையும் அந்தக் கோட்டுக்கே கொடுத்துவிட்டேன். கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று இருக்கிறது' என்று படம் போட்டாள். 'பொத்தானில் கிட்டத்தட்ட என்பது கிடையாது' என்று ஒரு தையல்காரர் தன்னுடையதைப் போட்டார். 'உங்களுடையதில் கீற்று எங்கே, அது கீறல்' என்று மூன்றாவது ஆள். ஒருவர் விலையைக் குறைத்தார், அடுத்தவர் அதற்கும் கீழே போனார், அத்தை காசே வேண்டாம் என்றாள். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை இருபது, தொண்ணூறு, நானூறு என்று ஏறியது. ஃபைலைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நிற்கிற மனுஷனை நினைத்து ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. பல் தேய்க்கிறவர்கள் மறுபடி வந்து நின்றார்கள்.

"சார், இதையும் ரத்து பண்ணணும்" என்றாள் ஏலக்காரி.

மேலாளர் நிஜமாகவே தலையில் கையை வைத்துக்கொண்டார். "அம்மா தாயே. கூட்டம் சேருதும்மா."

"போன தடவையும் குடும்பத்தார். இந்தத் தடவையும் குடும்பத்தார். போலீஸ்காரர் அழுதப்ப விடல நான்."

அவள் கைப்பையை எடுத்து உள் ஜிப்பைத் திறந்தாள். அதில் சாவி வைப்பதில்லை, காசு வைப்பதில்லை. ஒரே ஒரு பொத்தான்தான் ஆறு வருடமாக இருந்தது. பதிவு அலுவலகத் தரையில் கிடந்ததை அன்றைக்கே எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தைத்துக் கொடுக்கலாம் என்று இருந்தாள், அது தள்ளிக்கொண்டே போனது, அதற்குள் அவன் கட்சி மாறிவிட்டான். போகட்டும், பொத்தான் இல்லாமலே போய் நிற்கட்டும் என்று ஆத்திரத்தில் ஜிப்பை மூடினாள். ஆத்திரம் ஒரு மாதத்தில் போய்விட்டது. அப்புறம் எடுத்துக் கொடுத்தால் இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பானே என்று, கொடுக்காமலே விட்டுவிட்டாள்.

ரத்து என்பதை அழுத்தினாள். காரணம் எழுதுகிற கட்டம் திறந்தது. 'ஊழியரின் குடும்பத்தார்' என்று எழுதினாள். அதோடு நிறுத்த மனசு வரவில்லை. அடுத்த வரியில் எழுதினாள்: 'பொத்தான் தொலையவில்லை. ஆறு வருடமாக அவர் மனைவியின் கைப்பையில் இருக்கிறது. நான்தான் மனைவி. நாளைக்குத் தைத்துத் தருகிறேன்.'

பக்கத்தில் அரை நிமிடம் ஒன்றும் அசையவில்லை. 'ஆறு வருடமா?' என்று ஒருவர் கேட்டார். 'கோட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா' என்று இன்னொருவர். அப்புறம் எங்கிருந்துதான் வந்தார்களோ, வெள்ளம் மாதிரி வந்தார்கள். அக்காவின் குளிர்ச்சட்டை, அப்பாவின் கடைசி வேலைநாள் சட்டை, பள்ளிக்கூடக் கோட்டு, ஒரு தலையணை உறை. எல்லாவற்றிலும் ஒன்று குறைந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஏலக்காரியும் கடைக்காரனும் சேர்ந்தே அத்தை வீட்டு மாடி ஏறினார்கள். கதவு திறந்துதான் இருந்தது. அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் இருபது பாட்டில் திறந்து கிடந்தது, பூதக்கண்ணாடி கண்ணில், போன் மடியில்.

"வராதீங்க, மிதிச்சுடுவீங்க. காலையிலேர்ந்து பதினாலு பொத்தானுக்கு ஜோடி கண்டுபிடிச்சுட்டேன். முன்னூத்திச் சொச்சம் பேரு நிக்கறாங்க. இந்தத் தலையணைக்காரி ஒத்துக்க மாட்டேங்கறா, அவளைத்தான் மடக்கிட்டிருக்கேன்."

"அத்தை, மணி பன்னெண்டு ஆகப்போகுது" என்றான் கடைக்காரன். "பதில் சொல்லணும்."

"பதிலா? பாத்தா தெரியல? உன் கடையில போட்டா வாங்கறான், திருப்பறான். ஒரு வார்த்தை பேசறானா? இங்க என்னைக் கேக்கறாங்கடா. உங்கிட்ட இருக்கான்னு என்னைக் கேக்கறாங்க." அவள் பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. "நான் ஏலக்காரிகிட்டயே இருக்கேன். என்னை இழுத்துட்டுப் போயிருந்தா கிடைக்கிற பதவி உயர்வு உனக்குப் போச்சு, இல்ல?"

"போச்சு" என்றான் அவன். அப்படியொன்றும் வருத்தமாகத் தெரியவில்லை. "எங்க ஆளுங்க நேத்தே பாத்துட்டாங்க. அடுத்த மாசம் எங்ககிட்டயும் இதே மாதிரி ஒரு பக்கம் வரும். என்னையே செய்யச் சொல்லியிருக்காங்க."

"வரட்டும்" என்றாள் ஏலக்காரி. "நாங்க வேற ஏதாவது கண்டுபிடிப்போம். அசையாம நில்லு."

அவள் நூல் கோத்துவிட்டாள். அவன் ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நூல் இன்னும் ஒரு சாயல் கறுப்பாக இருக்க வேண்டும் என்று அத்தை தரையிலிருந்தே குறை சொன்னாள்.

"இத்தனை நாள் ஏன் குடுக்கல?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"கோபம்."

"ஆறு வருஷமா?"

"கோபம் ஒரு மாசம்தான். மிச்சம் வெக்கம்."

"நீயாவது சொல்லியிருக்கலாம். நானாவது கேட்டிருக்கலாம்."

"இப்போதான் கேட்டியே, நானூறு பேருக்கு முன்னாடி."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பொத்தானை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள், கெட்டியாக நின்றது. "போட்டுக்காட்டு."

அவன் முதல் பொத்தானைப் போட்டான். இரண்டாவதைப் போட்டான். மூன்றாவதைப் போட இழுத்தான், வயிற்றை உள்ளே எக்கி இழுத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். இரண்டு விரற்கடை எட்டவில்லை. ஆறு வருடச் சாப்பாடு நடுவில் நின்றது. ஏலக்காரி சிரிக்க ஆரம்பித்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அத்தை, "அதுக்கும் ஒரு போட்டோ எடுத்துப் போடு, யாராவது கோட்டு விக்கறாங்களான்னு பாக்கலாம்" என்றாள்.

கோட்டைத் திறந்தபடியே போட்டுக்கொண்டு, பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மாடி இறங்கினான். ஃபைலை அத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தது இரண்டு பேருக்குமே சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது.